கடலோரக் கடையில் ஒரு கிறிஸ்துமஸ் ஷோகேஸ்: கொள்முதல் முதல் ஜோடனை வரை முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னை மால்களிலும் மதுரையின் பெரிய ஜவுளிக்கடைகளிலும் கண்ணாடிக்குப் பின்னால் தனி உலகமே தயாராகிவிடும். நம் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே குடும்பத்தோடு பஸ் ஏறுகிறவர்கள் நிறைய பேர். துணி எடுப்பது ஒரு காரணம். பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சத்தைக் காட்டுவது இன்னொரு காரணம். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், மூக்கையூர் என்று கடலோரம் முழுக்கக் கிறிஸ்துமஸ் பெரிய திருநாள்தான். ஆனால் உள்ளூர்க் கடைகளின் முகப்பைப் பார்த்தால் ஒரு நட்சத்திரம், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி, ஒரு சுற்று சீரியல் லைட், அதோடு சரி.

இதை மாற்ற முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். பெரிய செலவும் தேவையில்லை. நாலடி அகலக் கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். ஜவுளி, ஃபேன்ஸி, பேக்கரி, செருப்பு, செல்போன் என எந்தக் கடை வைத்திருப்பவருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: நகரத்திலிருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், காட்சியை நம் கரையிலிருந்து எடுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பனிமான் வண்டியை மதுரையிலேயே பார்த்துவிட்ட பிள்ளை, அதன் சின்ன நகலைப் பார்க்க நம் கடைவாசலில் நிற்காது.

படி 1: வாங்கும் முன் பார்க்கப் பழகுங்கள்

பண்டிகைக்குக் கண்ணாடியை ஜோடிக்கும் வழக்கம் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களின் பெரிய கடைகளில் வளர்ந்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை 1874-லேயே பீங்கான் பொம்மைகளை வைத்துக் கிறிஸ்துமஸ் காட்சி அமைத்தது. லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் 1909-ல் திறக்கப்பட்ட செல்ஃப்ரிட்ஜஸ், கடை சாத்திய பிறகும் கண்ணாடிக்குள் விளக்கை எரியவிட்டது. இரவில் நடந்து போகிறவர்களும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம். 1938-ல் நியூயார்க்கின் லார்ட் அண்ட் டெய்லர் இன்னும் ஒரு படி மேலே போனது. விற்கிற சரக்கு ஒன்றைக்கூட வைக்காமல், பொன்னிற மணிகளைத் தொங்கவிட்டு, மணியோசையோடு ஆட வைத்தது. வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள்.

இந்த மூன்றிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. காட்சிக்கு ஒரு மையம் வேண்டும். கடை மூடியிருக்கும்போதும் கண்ணாடி வேலை செய்யும். சரக்கை முழுதாக அடுக்கினால்தான் வியாபாரம் என்பதில்லை.

அடுத்த முறை சென்னைக்குப் போனால் எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ் போன்ற மால்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு சுற்று வாருங்கள். பாண்டி பஜாரில் எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று பாருங்கள். மதுரை என்றால் டவுன்ஹால் ரோடும் மாசி வீதிகளும் போதும். ஒரு ஷோகேஸ் முன் நின்று மூன்று நொடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள். மனதில் எது நிற்கிறது? அதுதான் அந்தக் காட்சியின் மையம். ஒன்றுமே நிற்கவில்லை என்றால், எவ்வளவு செலவு செய்திருந்தாலும் அந்தக் காட்சி தோற்றுவிட்டது. பிறகு கிட்டப் போய் விளக்கு எங்கே ஒளிந்திருக்கிறது, பின்திரை என்ன நிறம், எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். போட்டோவை நேரே எடுத்தால் உங்கள் பிம்பம்தான் விழும். பக்கவாட்டில் சாய்த்து எடுங்கள்.

மால் நடுவே நாலு மாடி உயரத்துக்கு நிற்கும் மரத்தை மட்டும் மறந்துவிடுங்கள். அதன் அழகு உயரத்தில் இருக்கிறது. நம் கூரைக்குக் கீழே நாலடி மரமாக அது வரும்போது அந்த உயரம் அதோடு சேர்ந்து வராது.

படி 2: நாள் குறிப்பது

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு, அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. கோவிலில் அந்த ஞாயிறன்று முதலாவது மெழுகுதிரியை ஏற்றும்போதே ஊரின் மனது கிறிஸ்துமஸ் பக்கம் திரும்பிவிடும். கண்ணாடி அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

கொள்முதலை நவம்பரில், தீபாவளிக் கூட்டம் வடிந்த உடனே முடித்துவிடுங்கள். டிசம்பர் பத்துக்கு மேல் மொத்தக் கடைகளில் நல்ல சரக்கு போயிருக்கும், பேரம் பேச நேரமும் இருக்காது.

நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஊர்க் கையில் காசு புழங்குவது கடலைப் பொறுத்தது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் தனித்தனி நாட்கள். டிசம்பரில் காற்று பலத்தால் மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது, படகுகள் நங்கூரத்திலேயே நிற்கும். அதனால் வியாபாரம் மாதம் முழுக்கச் சீராக வராது. காற்று ஓய்ந்து படகுகள் கரை திரும்பிய மறுநாள் ஒரேயடியாக வரும். மாதம் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வைத்திருப்பார்கள். காசு வந்த அன்றைக்குத் தகப்பன் நேரே அந்தக் கடைக்குத்தான் வருவார். ஷோகேஸை முன்கூட்டியே போடச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

படி 3: ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "பாம்பன் பாலம் திறக்கிறது, பரிசுப் படகு உள்ளே வருகிறது." இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது காட்சி. "கிறிஸ்துமஸ் மரம், குடில், தாத்தா, பனி, மணி எல்லாம்" என்று நீண்டால் அது வெறும் குவியல்.

நம் கரைக்குப் பொருந்தும் சில காட்சிகளைச் சொல்கிறேன்.

பாம்பன் பாலம்தான் என் முதல் தேர்வு. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, ரயில் ஓடிய காலத்தில் இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். கண்ணாடிக்குள் இதைச் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. நடுத்துண்டை 18 அங்குல நீளத்துக்கு அட்டையில் செய்தால், அதே விகிதப்படி சுமார் 4 அங்குலம் உயர வேண்டும். கொலு பொம்மையைச் சுழற்றப் பயன்படும் சிறு மோட்டாரில், நிமிடத்துக்கு 5 சுற்று சுற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் அச்சில் ஒரு கட்டையைப் பொருத்தி, மையத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி நூலைக் கட்டுங்கள். நூலை இரண்டு கோபுரங்களின் உச்சியில் உள்ள சிறு உருளைகள் வழியாகக் கொண்டுபோய் நடுத்துண்டின் இரு முனையிலும் இணைத்தால், 12 நொடிக்கு ஒரு முறை பாலம் 4 அங்குலம் ஏறி இறங்கும். கீழே ஒரு வள்ளம், அதில் பரிசுப் பொட்டலங்கள். பொட்டலத்துக்குப் பதில் உங்கள் கடைச் சரக்கையே வைக்கலாம். அசையும் பொருள் ஒன்று இருந்தால் போதும், பிள்ளைகள் நகர மாட்டார்கள். அசைவு ஒன்றே ஒன்று இருக்கட்டும். இரண்டு வைத்தால் கண் எங்கே பார்ப்பது என்று தடுமாறும்.

ஜவுளிக்கடைக்கு இன்னொரு யோசனை. நாட்டுப்படகின் பாய்மரத்திலிருந்து கொடிக்கயிறு கட்டி, சின்னப் பிள்ளைகளின் புத்தாடைகளை வரிசையாகத் தொங்கவிடுங்கள். பாயின் உச்சியில் நட்சத்திரம். பேக்கரி என்றால் கலங்கரை விளக்கம் ஒன்றைக் கேக் வடிவில் செய்து, உச்சியில் சுழலும் சின்ன விளக்கு வைக்கலாம். கண்ணாடியில் வைக்கிற கேக்குக்கு உள்ளே தெர்மாகோல் அச்சு வைத்து மேலே மட்டும் ஐசிங் பூசுவார்கள். நிஜக் கேக் அங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது.

தனுஷ்கோடியைக் காட்சியாக வைக்க விரும்புகிறவர்களும் இருப்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த ஊரையே கொண்டுபோனது. அதை வைப்பதானால் இடிபாட்டை வைக்காதீர்கள். இன்று சுவராக நிற்கும் தேவாலயத்தைக் கூரையோடும் கதவோடும் முழுதாகச் செய்து, உள்ளே விளக்கேற்றி, வாசலில் நாலு பேர் நிற்கிற மாதிரி வையுங்கள். வயதானவர்கள் நின்று பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். இந்தக் காட்சியில் விலைச்சீட்டு எதுவும் வேண்டாம்.

படி 4: கொள்முதல்

பட்ஜெட்டைப் பத்துப் பங்காகப் பிரித்து நாலு பங்கை விளக்குக்கும் வயருக்கும் ஒதுக்குங்கள். மற்றதில் சிக்கனம் பிடித்தால் சமாளித்துவிடலாம், விளக்கில் பிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

குடில் சுரூபங்களுக்கு முதலில் விளாச்சேரிக்குப் போங்கள். மதுரையை ஒட்டி, திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் ஊர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற அதே கைகள்தான் அது முடிந்ததும் மாதா, சூசையப்பர், பாலன் இயேசு, இடையர், மூன்று இராசாக்கள், ஆடு மாடு என்று குடில் செட் செய்கின்றன. மண், காகிதக்கூழ் என்று இருவகையிலும் கிடைக்கும். செய்தவரிடமே வாங்குவதால் அளவு சொல்லிச் செய்யச் சொல்லலாம். முகத்தைப் பார்த்துப் பொறுக்கலாம். பஸ்ஸில் கொண்டு வருவதானால் காகிதக்கூழ் பொம்மை நல்லது. எடை குறைவு, கை கால் உடையாது. ஆனால் நம் ஊர் ஈரக்காற்று அதற்கு ஆகாது என்பதால் வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தில் ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

ஜோடனைச் சாமான்களுக்கு மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகள் ஒரு கடையின் தேவைக்குப் போதும். துணி வேண்டுமானால் விளக்குத்தூண் பக்கம். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் மட்டும் சென்னைக்குப் போவது கட்டும். பாரிமுனையில் காசி செட்டித் தெரு ஃபேன்ஸி, பரிசுப் பொருட்களுக்கு. எல்.இ.டி., அடாப்டர், டைமர் போன்றவை ரிச்சி தெருவில். ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். கடைகள் பத்து மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவிருங்கள், மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

மொத்தக் கடையில் நுழைந்ததும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "அண்ணே, போன வருச ஸ்டாக் இருக்கா?" நட்சத்திரமும் மணியும் ஒரு வருடத்தில் கெட்டுப்போவதில்லை. பெட்டி கசங்கியிருக்கும், அவ்வளவுதான், விலை நன்றாகக் குறையும். விளக்கில் மட்டும் பழைய ஸ்டாக் வேண்டாம். எந்த சீரியல் லைட்டையும் கடையிலேயே சொருகி, ஐந்து நிமிடமாவது எரியவிட்டு, அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணயத்துக்கான பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பஞ்சு, தெர்மாகோல் உருண்டை, ஸ்ப்ரே பனி ஆகிய மூன்றையும் வாங்காதீர்கள். பஞ்சு விளக்கோடு சேர்ந்தால் தீ. தெர்மாகோல் உருண்டை காற்றில் பறந்து கடைசியில் கடலுக்குத்தான் போகும். ஸ்ப்ரே பனி கண்ணாடியில் காய்ந்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கையில் நாலு மஞ்சப்பையும் இரண்டு காலி அட்டைப்பெட்டியும் கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. அதைவிட, மெல்லிய பையில் போட்ட கண்ணாடி உருண்டைகள் பரமக்குடி தாண்டுவதற்குள் நொறுங்கிவிடும்.

படி 5: ஊரிலேயே கிடைப்பவை, தொடக்கூடாதவை

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. காசு கொடுத்து வாங்கியதைவிட நம் ஊர்ப் பொருள்தான் கண்ணாடிக்குள் உயிரோடு தெரியும்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை. ஊசி ஊசியாக நிற்பதால் பிளாஸ்டிக் மரத்தைவிட இயல்பாக இருக்கும். சொந்தத் தோப்பிலோ காசு கொடுத்தோ எடுங்கள். கடலோரத்தில் காற்றுத் தடுப்புக்காக நட்டதில் கை வைக்க வேண்டாம். ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்தால் பத்து நாளாவது பசுமை நிற்கும். அதற்கு மேல் காய்ந்து தீப்பிடிக்கும் என்பதால் மாற்றிவிடுங்கள்.

சீமைக்கருவேலத்துக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. அதன் காய்ந்த கிளையை முள் நீக்கி, சுண்ணாம்போ வெள்ளைப் பெயிண்டோ அடித்துப் பாருங்கள், நகரத்துக் கடைகளில் பெரிய விலை சொல்லி விற்கும் வெள்ளைக் கிளைக்கு இது குறைந்ததில்லை. முள் நீக்கும்போது தோல் கையுறை கட்டாயம்.

சிவப்புக்கு முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு வத்தல், உருண்டையாக, மினுமினுப்பாக, கடையில் விற்கும் சிவப்பு உருண்டைகளைவிட ஆழமான நிறத்தில் இருக்கும். காம்போடு பொறுக்கி, மீன்பிடி நரம்பில் கோத்து மாலையாகத் தொங்கவிடுங்கள். மஞ்சள் வெளிச்சம் பட்டால் மாணிக்கம்தான். உடைந்த வத்தல் நெடி தரும் என்பதால் முழுசாக இருப்பதை மட்டும் கோத்துக்கொள்ளுங்கள்.

பனையோலையில் நட்சத்திரம், கொட்டான், மணி முடைகிறவர்கள் சாயல்குடிப் பக்கமும் சுற்று ஊர்களிலும் உண்டு. நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். ஓலைப்பெட்டியைப் பரிசுப் பெட்டியாக வைத்து, அதையே விற்கவும் செய்யலாம்.

பனிக்குக் கல்லுப்பு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்து உப்பு வெளிச்சத்தில் வைரம் போல மின்னும். ஆனால் மழைக்காலத்தில் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், வயரும் ஆணியும் துருப்பிடிக்கும். அதனால் கண்ணாடிக் கிண்ணத்திலோ பீங்கான் தட்டிலோ மட்டும் வைத்து, விளக்கிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்துங்கள். கசிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பழைய வலை அருமையான பின்னணி. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் இரண்டு நாள் போட்டுப் பிறகே உள்ளே கொண்டு வாருங்கள். இல்லையென்றால் கடை முழுக்க மீன் வாடை அடிக்கும், புதுத்துணியில் ஏறினால் போகவே போகாது.

தொடக்கூடாதது பவளம். எவ்வளவு அழகாக இருந்தாலும், கரையில் தானாக ஒதுங்கியதாக இருந்தாலும், பவளப்பாறைத் துண்டைக் குடிலுக்கோ ஷோகேஸுக்கோ எடுக்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கடல்குதிரை, கடல் அட்டை, சட்டத்தில் பட்டியலிட்ட சிலவகைச் சங்குகளும் அப்படியே. சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள பவளத்தில்தான் மீன் குஞ்சு பொரித்து வளர்கிறது. நம் வாடிக்கையாளர் கைக்குக் காசு வருவதே அங்கிருந்துதான்.

படி 6: கண்ணாடியும் பின்திரையும்

கடற்காற்று கண்ணாடியில் உப்புப் படலம் பூசியிருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணலும் உப்பும் கீறும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, பழைய செய்தித்தாளால் தேய்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். வெளிப்பக்கத்தை வாரம் இரண்டு முறையாவது கழுவ வேண்டும்.

பின்திரை இல்லாமல் போட்டால் உள்ளே இருக்கும் ராக்கையும் கல்லாப்பெட்டியும்தான் தெரியும். காடாத்துணி போதும். கறுப்பும் அடர்நீலமும் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருந்தால் எதிர்க்கடையின் பிம்பம்தான் விழும். வெளிர் நீலம், மணல் நிறம், பழுப்பு வெள்ளை ஆகியவை நம் காட்சிகளுக்கு எடுப்பாக இருக்கும்.

மையப் பொருளைப் பெரியவர் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வையுங்கள். மற்றவை அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி வரட்டும், முக்கோணமாக. கீழே, இரண்டரை மூன்றடி உயரத்தில், சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதாவது வைத்துவிடுங்கள். வலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பூனை பொம்மை, ஒரு நண்டு. பெரியவர்களுக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிகிறது என்றால் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாகவே விடுங்கள். கை பரபரக்கும், இருந்தாலும் விடுங்கள்.

எழுத்து வைப்பதானால் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று கணக்கு. எதிர்ப் பக்க நடைபாதை முப்பதடி என்றால் மூன்று அங்குல எழுத்து. கையால் எழுதிய நல்ல தமிழ் இருந்தால் அச்சடித்த ஃப்ளெக்ஸ் தேவையில்லை.

ரோலிங் ஷட்டர் மட்டும் உள்ள கடைகளும் நம் பக்கம் நிறைய. கடைக்கண்ணாடியே இல்லையென்றால் பழைய டி.வி. ஸ்டாண்ட் அளவில், முன்பக்கம் கண்ணாடி போட்ட மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாசல் திண்ணையில் வைக்கலாம். இரவில் உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

படி 7: விளக்கும் மின்சாரமும்

இளமஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குங்கள், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க பெட்டியில் 3000 கே என்று போட்டிருக்கும். 6500 கே வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பு செத்துப்போகும், முகங்கள் வெளிறிவிடும். மையப் பொருளுக்கு ஒரு ஸ்பாட் லைட், மேல் முன் மூலையிலிருந்து சாய்வாக உள்நோக்கி விழட்டும். பார்க்கிறவர் கண்ணில் பல்பு படவே கூடாது. பாலத்துக்கோ குடிலுக்கோ பின்னால் ஒரு சிறு விளக்கை ஒளித்து வைத்தால் ஆழம் கிடைக்கும். சீரியல் லைட்டை மினுமினுக்க விடாமல் நின்று எரியும் நிலையில் போடுங்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தில் மின்விளக்கு முதன்முதலில் எரிந்தது 1882-ல், நியூயார்க்கில் எட்வர்ட் ஜான்சன் வீட்டில், 80 பல்புகள். இன்று 80 எல்.இ.டி. கொண்ட சரம் பத்து வாட்டைக்கூடத் தாண்டாது. அதனால் பில் பற்றிப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஈரத்துக்கு.

- வெளியே தொங்குவது எதுவானாலும் ஐ.பி. 65 என்று குறித்த மழை தாங்கும் சரமாக இருக்கட்டும். அடாப்டரும் பிளக்கும் கூரைக்குள்.
- இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றினால் போதாது. உப்புக்காற்று ஒரு வாரத்தில் செம்பைப் பச்சையாக்கிவிடும். கனெக்டர் போட்டு, சுருங்கும் குழாயால் மூடுங்கள்.
- ஷோகேஸுக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கும் சர்க்யூட்டிலிருந்து லைன் எடுங்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு செலவுக்கு யோசிக்காதீர்கள். கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பது பிள்ளைகள்.
- கம்பத்தில் கொக்கி போடவே கூடாது. தெருவுக்குக் குறுக்கே கட்டுவதானால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தற்காலிக இணைப்பு வாங்குங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் அன்றே வெளி நட்சத்திரத்தையும் சரங்களையும் இறக்கிவிடுங்கள். உள்ளே இருப்பது எரிந்தால் போதும்.

படி 8: குடில் வைப்பதென்றால்

1223-ல் இத்தாலியின் கிரெச்சியோவில் புனித பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் வைத்துக் குடில் அமைத்தார். அந்த எளிமையே குடிலுக்கு அழகு. பனையோலைக் கூரை, வைக்கோல், ஒரு லாந்தர், ஓரத்தில் நம் ஊர் வள்ளமும் துடுப்பும். இடையர்களோடு வலை தோளில் போட்ட ஒரு மீனவர் பொம்மையையும் சேர்க்கச் சொல்லி விளாச்சேரியில் கேட்டுப் பாருங்கள்.

குடில் இருக்கும் கண்ணாடியில் விலைச்சீட்டு, தள்ளுபடி அட்டை, செருப்பு, உள்ளாடை எதுவும் இருக்கக் கூடாது. சரக்குக்கு வேறு பக்கம் ஒதுக்குங்கள். பாலன் சுரூபத்தை முன்கூட்டியே வைக்காதீர்கள். கோவிலில் நள்ளிரவுத் திருப்பலியில்தான் பாலனைக் கிடத்துவார்கள். நீங்களும் 24-ஆம் தேதி இரவு வரை தொட்டிலைக் காலியாக விடுங்கள். "இன்னும் பிறக்கலையா?" என்று தினமும் எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் வாழும் கீழக்கரை, தொண்டி, ஏர்வாடிப் பக்கக் கடைகளுக்குப் பாலம், படகு, கலங்கரை விளக்கம் போன்ற காட்சிகள் இன்னும் பொருந்தும். எல்லா வீட்டாரும் நின்று பார்ப்பார்கள், புத்தாண்டு வரை மாற்றவும் வேண்டாம்.

படி 9: திருநாள் வாரம்

டைமர் போட்டு மாலை ஆறு முதல் பதினொன்று வரை எரியவிடுங்கள். 24-ஆம் தேதி மட்டும் விடிய விடிய. அன்று ஊரே புதுத்துணி உடுத்தி இரவு பத்தரைக்குக் கோவிலுக்கு நடக்கும், ஒன்றரை மணிக்குத் திரும்பும். வருடத்தில் உங்கள் கண்ணாடி முன்னால் அதிகம் பேர் நடக்கும் நேரம் அதுதான், கடை சாத்தியிருந்தாலும். அந்த நேரத்தில் பாலன் சுரூபத்தை வைக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று மனதில் இருக்கட்டும். கடலுக்குப் போனவர்கள் அக்கரையான இலங்கையில் பிடிபட்டுச் சிறையில் இருக்க, வீட்டில் அடுப்பும் சரியாக எரியாத தெருக்கள் சில வருடங்களில் நம் ஊர்களில் இருக்கும். அப்படி ஒரு வீடு உங்கள் கடைக்கு எதிரே இருந்தால் பாட்டையும் வெளிச் சரத்தையும் நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு விளக்கு மட்டும் போதும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வைப்பதையும் சத்தமில்லாமல் செய்யுங்கள்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளிக்கண்ணாடி துடைப்பது, அணைந்த பல்பு பார்ப்பது, விழுந்த பொம்மையை நிமிர்த்துவது. கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் படிந்தால் மேலே ஓர் அங்குலம் காற்று போக இடம் விட்டு, சின்ன ஃபேன் ஒன்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வையுங்கள்.

படி 10: கழற்றி வைப்பது

ஜனவரி 6 மூன்று இராசாக்கள் திருநாள் வரை வைக்கலாம். அதற்குப் பிறகு கண்ணாடி பொங்கலுக்கு வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் அடுத்த வருடம் உதவும். சரங்களை அட்டையில் சுற்றுங்கள், உருட்டிப் போட்டால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் எங்கே போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். பேட்டரி உள்ளவற்றிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் அச்சில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். சுரூபங்களைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்து போட்டு, பரணில் வையுங்கள். தரையில் வேண்டாம், ஓதம் ஏறும். ஓலைச் சாமான்களை வெயிலில் ஒரு நாள் காயவைத்துச் செய்தித்தாளில் மடித்தால் அடுத்த டிசம்பருக்கும் வரும். முண்டு மிளகாய் மாலையை மட்டும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பூச்சி விழும்.